ஆட்டிசம் உள்ள பையனைச் சிறப்புப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு மாற்றுகிறோம்: ஜூனுக்குள் என்ன தயார் செய்ய வேண்டும்?

கோவை_அம்மா

பையனுக்கு ஜூனில் ஏழு வயது. ஆட்டிசம், யூடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) குறைபாடு 50 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். இப்போது போகும் சிறப்புப் பள்ளியில் அறைக்கு ஆறு பிள்ளைகள். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுவான். தமிழ் எழுத்துகளை வாசிப்பான், நூறு வரை எண்ணுவான். எழுதுவதுதான் பெரும்பாடு. மைக் சத்தம், குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான்.

பக்கத்துத் தெருவில் அரசுத் தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் 26 பிள்ளைகள். தலைமையாசிரியர் "கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்கிறார். இன்னொன்று தனியார் பள்ளி. நாள் முழுக்க ஷேடோ டீச்சரை (வகுப்பில் அவனுக்கென்று கூடவே இருக்கும் துணையாளை) எங்கள் செலவில் வைக்க வேண்டும், சரிப்பட்டு வராவிட்டால் டிசி வாங்கிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா? ஷேடோ அவசியமா? முதல் நாளிலிருந்தே முழு நேரம் அனுப்பலாமா?

வளமையப்_பயிற்றுநர்

எழுதித் தராதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16 அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும். பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேண்டிய மாற்றங்களையும் ஆதரவையும் பள்ளி தர வேண்டும். ஷேடோ சம்பளத்தைப் பெற்றோர் கட்டினால்தான் இடம் என்று நிபந்தனை போட அதில் வழியில்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது பிரிவு 31. சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 தடுக்கிறது; முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம். இடம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கையில் காகிதம் இருந்தால்தான் மாவட்டக் கல்வி அலுவலரிடமோ மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையரிடமோ கொடுக்கும் மனு நிற்கும்.

ஆனால் சட்டம் பேசி வாங்கிய இடத்தில் வகுப்பாசிரியருக்கு மனமில்லை என்றால் பிள்ளை கடைசி பெஞ்சில் படம் வரைந்துகொண்டே வருடத்தைக் கழிப்பான். நான் அரசுப் பள்ளியைத்தான் சொல்வேன். அங்கே தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். இவன் வாசிப்பில் ஒரு நிலை, எழுத்தில் அதற்குக் கீழே என்று இருந்தாலும் அது அந்த வகுப்பில் விசேஷமான விஷயமே இல்லை.

இப்போதே வட்டார வள மையத்தில் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகம்) பெயர் பதியுங்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் கணக்கில் ஒதுக்கீடு உண்டு. பெரும்பாலும் பணமாகக் கையில் வராது, உபகரணம், கற்றல் பொருள், பயிற்சி என்று வரும். சிறப்புப் பயிற்றுநர் தினமும் வரமாட்டார், பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர். அதனால் ஐஇபி, அதாவது அவனுக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம், வகுப்பாசிரியர் மேசையில் இருக்க வேண்டும், வள மைய பீரோவில் இருந்து பயனில்லை. முதல் பருவத்துக்கு மூன்று இலக்கு போதும். "கவனம் மேம்பட வேண்டும்" என்று எழுதினால் யாராலும் அளக்க முடியாது. "டீச்சர் வகுப்பைப் பார்த்து 'நோட்டை எடுங்க' என்றதும், பெயர் சொல்லிக் கூப்பிடாமலே பத்துக்கு ஏழு முறை எடுக்கிறான்" என்று எழுதுங்கள். ஆறு பேர் அறையிலிருந்து வரும் பிள்ளைக்கு இது பெரிய தாவல். அங்கே எல்லாக் கட்டளையும் அவன் பெயரோடுதான் வந்திருக்கும்.

ஓடி_தெரபிஸ்ட்

ஓடி, அதாவது ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சை) பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் மாதம் கெடுவது பாடத்தில் அல்ல. பிரேயர், கழிப்பறை, சாப்பாடு, மணி அடிக்கிற நேரம், இந்த நாலில்தான். பாடம் தெரிந்த பிள்ளையைக்கூட இவை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கழிப்பறையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் எலாஸ்டிக் டவுசர், வெஸ்டர்ன் டாய்லெட், கையில் ஹேண்ட் ஷவர். பள்ளியில் ஊக்கு வைத்த டவுசர், மேலே பெல்ட், இந்தியன் டாய்லெட், வாளியும் மக்கும், உயரத்தில் துருப்பிடித்த தாழ்ப்பாள். ஐந்து புது வேலை ஒரே நேரத்தில். அவன் அடக்கிக்கொள்வான்; மதியத்துக்கு மேல் காரணமில்லாமல் கத்துகிறான் என்று புகார் வரும். ஏப்ரலிலேயே சீருடை தைத்துவிடுங்கள். ஊக்குக்குப் பதில் உள்ளே வெல்க்ரோ, பெல்ட் வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிடலாம். மக்கில் நீர் மொண்டு கழுவுவதை வீட்டில் பழக்குங்கள். தாழ்ப்பாள் போடாமல் வெளியே ஒரு ஆயா நிற்கும்படி கேளுங்கள்.

சத்தத்துக்கு: அந்தப் பள்ளியின் மணியையும் மைக்கில் வரும் தமிழ்த்தாய் வாழ்த்தையும் போனில் பதிவு செய்து, அவனே நிறுத்த முடிகிற மாதிரி கையில் கொடுத்து, மிகக் குறைந்த ஒலியிலிருந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள். காது மூடி பிரேயருக்கும் விழாவுக்கும் மட்டும். நாள் முழுக்க மாட்டினால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும், டீச்சர் குரலும் கேட்காது.

முழு நேரம் உடனே வேண்டாம். முதல் இரண்டு வாரம் பிரேயர் முடிந்தபின் ஒரு மணி நேரம், அதுவும் அவனுக்குப் பிடித்த பாட்டு அல்லது கணக்கு. அழ ஆரம்பித்தபின் கூட்டி வராதீர்கள். நன்றாக இருக்கும்போதே கிளம்ப வேண்டும். அடுத்து இடைவேளை வரை, பிறகு மதியச் சாப்பாடு சேர்த்து, கடைசியில் பிரேயர். ஏழெட்டு வாரத்தில் முழு நாள் ஆகலாம். ஒரு படியில் திணறினால் அதற்கு முந்தைய படிக்குப் போங்கள், ஆரம்பத்துக்கு அல்ல. இந்த அட்டவணையைத் தலைமையாசிரியரிடம் தேதி போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் "அரை நாள் போதும்" என்பதே நிரந்தரமாகிவிடும்.

ஒன்னாங்கிளாஸ்_டீச்சர்

மேடம், வகுப்பில் எது ஓடும்னு சொல்றேன். இடம்: ரெண்டாவது வரிசை, சுவர் ஓரம். வாசல் பக்கம் வேண்டாம், ஜன்னல் பக்கமும் வேண்டாம். பக்கத்துல நிதானமான பிள்ளையா உட்கார வைக்கணும். மூணு பேரை மாத்தி மாத்தி வைங்கன்னு சொல்லுங்க. ஒரே பிள்ளைன்னா அது தன் வேலையை விட்டுட்டு இவனுக்கு அம்மா ஆயிடும்.

மேசையில அன்னைக்கு நடக்கப் போறது ஆறு படமா ஒட்டியிருக்கணும், முடிஞ்சதை அவனே கழட்டிப் போடணும். ஒரு நேரத்துல ஒரு கட்டளை. சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணணும். நாமெல்லாம் பதில் வரலைன்னு உடனே வேற வார்த்தையில சொல்வோம். அவனுக்கு அது புதுசா இன்னொரு வாக்கியம், மறுபடி முதல்ல இருந்து யோசிக்கணும்.

போர்டைப் பார்த்து எழுத வைக்காதீங்க. தலையைத் தூக்கிக் குனியறதுக்குள்ள இடம் தொலைஞ்சு போகும். அதே வரியை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நோட்டுக்கு மேல வச்சா போதும். மத்தவங்க பத்து சொல் எழுதினா இவன் விடுபட்ட ஒரு எழுத்தை மட்டும் நிரப்பட்டும், இல்லைன்னா எழுத்து அட்டையை எடுத்து வைக்கட்டும். சோதிக்கிறது மொழியா, கையெழுத்தான்னு டீச்சர் தெளிவா இருக்கணும். பென்சில் விரல் நீளத் துண்டா இருந்தா பிடி தானா சரியா வரும். தடிமனான பாக்ஸ் ஃபைலைச் சாய்ச்சு வச்சா எழுத வசதி.

கோவை_அம்மா

நன்றி. அரசுப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவு செய்கிறோம். ஷேடோ இல்லாமல், அவன் வெளியே ஓடினால் 26 பிள்ளைகளை விட்டுவிட்டு டீச்சர் என்ன செய்வார்?

வளமையப்_பயிற்றுநர்

இது நியாயமான பயம் சகோதரி. முதல் பருவத்துக்குத் துணையாள் ஒருவர் இருக்கட்டும், ஆனால் விலகும் தேதியோடு. பெற்றோர் வேண்டாம், அம்மா உள்ளே இருந்தால் டீச்சர் சொல்வதை அவன் கேட்கவே மாட்டான். அவனுக்கும் டீச்சருக்கும் நடுவில் துணையாள் உட்காரக் கூடாது, பின்னால்தான். டீச்சர் துணையாளிடம் பேசினால், "அவன்கிட்டயே சொல்லுங்க டீச்சர்" என்று திருப்பிவிட வேண்டும். கையைப் பிடித்துச் செய்ய வைப்பதிலிருந்து தோளைத் தொடுவது, பிறகு படத்தைச் சுட்டுவது, பிறகு சும்மா காத்திருப்பது என்று உதவி குறைய வேண்டும். அடுத்தது தூரம்: பின் பெஞ்ச், வராந்தா, பிறகு சாப்பாட்டு நேரம் மட்டும்.

ஓடுவதற்கு ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: ஓடும் முன் என்ன நடந்தது, என்ன செய்தான், பின் என்ன கிடைத்தது. இரண்டு வாரத்தில் ஒரு போக்கு தெரியும். எழுதச் சொன்னதும் ஓடி, வராந்தாவில் பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கிறான் என்றால், ஓடினால் எழுத வேண்டாம் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். "வெளியே போகணும்" என்று ஒரு அட்டை கொடுங்கள். படத்தைத் தொட்டால் அவனுக்காகப் பேசும் அவாஸ் செயலியில் தமிழ் உண்டு, ஆனால் வகுப்பில் ஓடிக்கொண்டே காட்ட அட்டைதான் சுலபம். காட்டினால் உடனே அனுப்ப வேண்டும், மூன்று நிமிடம், குறித்த இடம், திரும்பி வந்து பாதி வேலை. முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது முறைகூடக் காட்டுவான். மறுக்க வேண்டாம். அட்டை நிச்சயம் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஓட்டம் நிற்கும். எண்ணிக்கையைப் பிறகு குறைக்கலாம்.

மே மாதம் அலுவலகம் திறந்திருக்கும் நாளில் ஆளில்லாத பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். கேட், வகுப்பு, குழாய், கழிப்பறை, அந்த மூன்று நிமிட இடம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தினமும் காட்டுங்கள். டீச்சர் யார் என்று தெரிந்தால் அவர் முகமும்.