ஜெர்மனில் எஸ்ட்செட் எங்கே, இரட்டை எஸ் எங்கே?

கேள்வி:
ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பீட்டா மாதிரி இருக்கும் அந்த எஸ்ட்செட் எழுத்துதான் படுத்துகிறது. தெருவைக் குறிக்கும் ஷ்ட்ராஸ-வுக்கு எஸ்ட்செட், ஆற்றைக் குறிக்கும் ஃப்ளுஸ்-க்கு இரட்டை எஸ். ஆனால் ஒரு பழைய புத்தகத்தில் ஃப்ளுஸ்-க்கும் எஸ்ட்செட்தான் இருக்கிறது. எது சரி? அப்புறம், மேலே இரண்டு புள்ளி வரும் எழுத்துகள் என் கீபோர்டில் இல்லை. மெயிலில் புள்ளியை விட்டுவிட்டு எழுதலாமா?

பதில் 1:
அந்தப் புத்தகம் பழைய முறையில் அச்சானது. 1996 ஜூலையில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகள் வியன்னாவில் கையெழுத்திட்டு எழுத்துமுறையைத் திருத்தின, 1998 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போதைய விதி தமிழ் படித்தவர்களுக்கு ரொம்ப எளிது: நெடிலுக்குப் பின் எஸ்ட்செட், குறிலுக்குப் பின் இரட்டை எஸ். பாதம் என்ற பொருளில் வரும் ஃபூஸ் நெடில், அதனால் எஸ்ட்செட். ஹைஸன் மாதிரி ஐ, ஔ ஒலிகளையும் நெடிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஹவுஸ் என்ற சொல்லுக்கும் எஸ்ட்செட் போட்டுவிடாதீர்கள். அதன் பன்மை ஹொய்ஸர், அதில் வரும் ஸகரம் தேனீ ரீங்காரம் போல அதிர்ந்து ஒலிக்கும். அப்படி அதிர்ந்தால் ஒற்றை எஸ்தான், அதிராமல் இருந்தால்தான் எஸ்ட்செட். சொல்லின் கடைசியில் சந்தேகம் வந்தால் பன்மையைச் சொல்லிப் பாருங்கள். தஸ், பஸ் போன்ற சின்னச் சொற்கள் சில குறிலாக இருந்தும் ஒற்றை எஸ்ஸோடு நிற்கும், அவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி.

பதில் 2:
புள்ளியை விடவே விடாதீர்கள். ‘ட்ருக்கன்’ என்றால் அச்சிடுவது, அதே சொல்லில் யு மேல் புள்ளி வைத்தால் அழுத்துவது. ‘ஷோன்’ என்றால் ஏற்கெனவே, ஓ மேல் புள்ளி வந்தால் அழகு. இவை வேறு வேறு சொற்கள், படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட முடியாது.

கீபோர்டில் இல்லாவிட்டால் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஈ (e) சேர்த்து எழுதுங்கள். அந்தப் புள்ளிகளே ஒரு காலத்தில் எழுத்தின் தலைமேல் சின்னதாக எழுதிய ஈ-தான். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும் இப்படித்தான் வரும். ஆனால் ஈ-யைப் பார்த்ததும் புள்ளியாக மாற்றிவிடாதீர்கள், கவிஞர் கோதேயின் பெயரில் ஓ-வும் ஈ-யும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். விண்டோஸில் ஆல்ட் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 0228, 0246, 0252 அடித்தால் மூன்று புள்ளி எழுத்துகளும், 0223 அடித்தால் எஸ்ட்செட்டும் வரும்.

கேட்டவர்:
குறில் நெடில் கணக்கு உடனே பிடிபட்டது, நன்றி. சுவிட்சர்லாந்தில் எஸ்ட்செட்டே இல்லை என்கிறார்களே? அப்புறம், படிவத்தில் முகவரியை முழுக்கப் பெரிய எழுத்தில் கேட்டால் ஷ்ட்ராஸ-வை எப்படி எழுதுவது?

பதில் 3:
ஆமாம், சுவிட்சர்லாந்திலும் லீக்டன்ஸ்டைனிலும் எல்லா இடத்திலும் இரட்டை எஸ்தான். அதனால் ‘அளவோடு குடி’ என்பதும் ‘ஏராளமாகக் குடி’ என்பதும் அங்கே எழுத்தில் ஒன்றாகிவிடும், ஜெர்மனியில் எஸ்ட்செட் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. எனக்கு இந்த எழுத்தின் மேல் மதிப்பு வந்ததே இதனால்தான்.

பெரிய எழுத்தில் நெடுங்காலம் இரட்டை எஸ் மட்டுமே வழக்கம். 2008-ல் பெரிய எஸ்ட்செட் யூனிகோடில் சேர்ந்தது, 2017 ஜூனில் அதிகாரப்பூர்வ விதியிலும் இடம்பெற்றது. கீபோர்டில் அது கிடைக்கவில்லையென்றால் தாராளமாக இரட்டை எஸ் போடுங்கள், அதுவும் சரியே.