கட்டோவிட்சே பேராசிரியர் அமைச்சரான கதை: உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர்: வார்சாவாசி

போலந்தில் இருக்கும் நண்பர்களே, மஜெனா சர்னெட்ஸ்காவைப் பற்றி யாராவது எழுதுங்களேன். நிலக்கரி ஊரான கட்டோவிட்சேயின் பொருளாதாரப் பல்கலைக்கழகத்தில் எரிசக்திச் சட்டம் கற்பித்தவர். 2023 டிசம்பர் 13 அன்று பிரதமர் டொனால்ட் டஸ்க் அமைச்சரவையில் பதவியேற்று, தொழில்துறை அமைச்சரானார். வகுப்பறையிலிருந்து நேராக அமைச்சரவைக்கு வருகிறவர்கள் அபூர்வம். நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை, ஏதோ ஒரு விதத்தில் அவர் உங்கள் வழியில் வந்திருந்தாலும் போதும்.

சிலேசியா ராஜா

நான் அவரை நேரில் பார்த்ததில்லை அண்ணா. புத்தக முதுகில்தான் முதலில் பார்த்தேன்.

2019இல் கட்டோவிட்சேயில் ஒரு வயதான தம்பதியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். தாத்தா ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. பாட்டியை நான் 'பானி' என்றுதான் கூப்பிடுவேன், இங்கே மரியாதைக்கு அதுதான் வழக்கம். ஒருநாள் பானி மின்கட்டண ரசீதை எடுத்துவந்து, "இது என்ன புதுக் கட்டணம், படித்துச் சொல்" என்றார். பார்த்தால் மாதாமாதம் 'வணிகக் கட்டணம்' என்று ஒரு வரி. சில வாரங்களுக்கு முன் கதவைத் தட்டிய விற்பனையாளர் ஒருவர், மீட்டர் சம்பந்தப்பட்ட தாள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப்போயிருக்கிறார். உண்மையில் அது மின்சாரம் விற்கும் நிறுவனத்தையே மாற்றும் ஒப்பந்தம்.

இங்கே 2007 ஜூலை முதல் வீட்டுக்காரர்கள் மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்று தாங்களே தேர்ந்தெடுக்கலாம். கம்பியும் மீட்டரும் ஒரு நிறுவனத்துடையவை, மின்சாரத்தை விற்பது வேறொரு நிறுவனமாக இருக்கலாம். அதனால் ரசீதிலும் விற்பனை, விநியோகம் என்று இரண்டு பகுதிகள். இந்தப் பிரிவினை புரியாத முதியவர்களைத்தான் வீடு தேடி வந்த ஆட்கள் அப்போது குறிவைத்தார்கள்.

நுகர்வோர் ஆலோசனைக்கு வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த வழக்கறிஞர் ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டினார். 1997ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டத்துக்கான விளக்கவுரை. எழுதிய இருவரில் ஒருவர் பெயர் சர்னெட்ஸ்கா. வாசலில் வந்து போட்ட ஒப்பந்தமென்றால் அப்போது பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலக முடிந்தது. பானிக்கு அந்த நாள் கடந்திருந்தது. ஆனால் விலகும் உரிமையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவே இல்லை, அதை வைத்து ஒரு கடிதம் எழுதினோம். இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிட்டார்.

நான்கு வருடம் கழித்துப் பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, "அட, நம் புத்தகக்காரர்!" என்று கத்தியேவிட்டேன். பானிக்கு ஒன்றும் புரியவில்லை.

2024 மார்ச் 1 முதல் அமைச்சகம் கட்டோவிட்சேயிலேயே இயங்க ஆரம்பித்தது. தலைமையிடமே வார்சாவுக்கு வெளியே. ஊர் பெருமைப்பட்டது, தாத்தா மட்டும் சிரித்தார். "இத்தனை நாள் வார்சாவிலிருந்து சுரங்கத்தை மூடினார்கள், இனி பக்கத்திலேயே உட்கார்ந்து மூடுவார்கள்." முந்தைய அரசு 2021 மே மாதம் தொழிற்சங்கங்களோடு செய்த உடன்பாட்டின்படி, கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2049இல் மூடப்பட வேண்டும். அந்தக் கோப்புதான் இந்த அம்மையாரின் மேசைக்கு வந்தது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று. ரசீதின் ஒவ்வொரு வரிக்கும் சட்டம் தெரிந்தவருக்கு ரசீது கிடைக்கவில்லை! மின்சார விலைக்குக் கடிவாளம் போட்டதெல்லாம் வார்சாவில் இருந்த காலநிலை அமைச்சகம், அதன் அமைச்சர் பவுலினா ஹென்னிக்-க்ளோஸ்காவின் பொறுப்பு. இவருக்கு வந்தவை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, அப்புறம் அணுமின்சாரம்.

கடலோரக் குமரன்

அணு என்றதும் நானும் ஒரு வரி. நான் இருப்பது க்டான்ஸ்க் பக்கம். பால்டிக் கரையில் லுபியாடோவோ-கொபாலினோ என்ற இடத்தில்தான் போலந்தின் முதல் அணுமின் நிலையம் வரப்போகிறது. அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் ஏபி1000 வகை அணு உலைகள் மூன்று. பைன் மரங்களும் மணலும் கோடைக்கால விடுதிகளுமாக இருக்கும் ஊர். அங்கே காபிக் கடையில் ஒருவர் என்னிடம், "எங்கள் கடற்கரையின் தலையெழுத்தை நிலக்கரி ஊரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்" என்று அலுத்துக்கொண்டார். திட்டத்துக்கு 60.2 பில்லியன் ஸ்வோட்டி (போலந்து நாணயம்) அரசுப் பணம் ஒதுக்கும் சட்டம் வந்ததும் சர்னெட்ஸ்கா அமைச்சராக இருந்த காலத்தில்தான். அதைச் சொன்னேன். "பணம் வரட்டும், சாலை போடுவார்களா?" என்றார்.

வார்சாவாசி

ராஜா சொன்ன வேடிக்கைக்கு ஒரு பின்குறிப்பு. 2025 ஜூலையில் டஸ்க் அமைச்சரவையை மாற்றியமைத்தபோது நிலக்கரியும் மின்சாரமும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன, எரிசக்தி அமைச்சகம் என்ற பெயரில். ஆனால் அமைச்சரானவர் மிலோஷ் மோட்டிக்கா. தொழில்துறை அமைச்சகம் இல்லாமல் போனது, சர்னெட்ஸ்காவும் அமைச்சரவையிலிருந்து விலகினார். ஒன்றரை வருடத்துக்குச் சற்று அதிகமாகப் பதவியில் இருந்தார். என் பார்வையில் அவரை மதிப்பிட இந்தக் காலம் போதாது. சுரங்கம் மூடுவது பத்திருபது வருட வேலை. அதில் மந்திரியின் சாதனை என்று தனியாக எதைக் காட்டுவது?

சிலேசியா ராஜா

அன்றைக்குத் தாத்தாவிடம் செய்தியைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சுரங்கத்துக்கு முன்னால் அமைச்சகத்தை மூடிவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். பானி இப்போது யார் தட்டினாலும் கதவுச் சங்கிலியை எடுப்பதில்லை. தாளை இடுக்கு வழியாக வாங்கி மாடிக்கு அனுப்பிவிடுகிறார், நான் படித்துச் சொன்ன பிறகுதான் பேனாவைத் தேடுவார்.