பாப்கேட் பூனை அழைப்புக்கு வராதது ஏன்? நம் ஊர்க் காட்டுப்பூனைக்கு இந்த முறை பொருந்துமா?

அரியாங்குப்பத்தான் கேட்டது:

என் மகன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். சென்ற தை மாதம் அங்கே போயிருந்தபோது, உரிமம் பெற்று வேட்டையாடும் அவனுடைய நண்பர் ஒருவருடன் மூன்று விடியற்காலைகள் புதர்க்காட்டுக்குப் போனேன். துப்பாக்கி அவரிடம் இருந்தது. என்னிடம் கேமரா மட்டுமே. அடிபட்ட முயலின் கதறலை ஒலிக்கருவியில் ஓடவிட்டு உட்கார்ந்தால், நம் நரியைப் போன்ற கயோட்டி பத்து நிமிடத்துக்குள் ஓடி வந்துவிடுகிறது. ஆனால் நாங்கள் தேடிப் போன பாப்கேட் என்ற குட்டைவால் காட்டுப்பூனை ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. ஓடை மணலில் அதன் காலடித் தடம் புதிதாகவே இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனோம். எங்கே தவறு செய்தோம்? இதே முறையில் ஒலி எழுப்பி, கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் காட்டுப்பூனையைப் படம் எடுக்க முடியுமா?

தேவனாம்பட்டினம் வாசகர் எழுதியது:

ஐயா, நான் டெக்சாஸில் பதினொரு ஆண்டுகள் இருந்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பியவன். பண்ணை வைத்திருந்த நண்பர்களுடன் பல குளிர்காலங்கள் இதே வேலையாகப் போயிருக்கிறேன். உங்கள் தவறு அந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது. கயோட்டி மோப்பத்தை நம்பி, ஒலி வரும் இடத்திலிருந்து காற்று வீசிப் போகும் பக்கத்துக்குச் சுற்றி வந்து, விரைவாக ஒரு முடிவுக்கு வரும் விலங்கு. பாப்கேட் கண்ணையும் காதையும் நம்புவது. நான்கு அடி நடக்கும், உட்காரும், பார்க்கும், மீண்டும் நான்கு அடி நடக்கும். அரை மணிக்குக் குறைவாகக் காத்திருந்தால், வந்துகொண்டிருக்கும் பூனையை வழியிலேயே விட்டுவிட்டு நீங்கள் எழுந்து போகிறீர்கள் என்று பொருள். முக்கால் மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது ஒலி. கயோட்டிக்கு இடைவெளி விட்டு ஊதலாம். பூனைக்கு இடைவெளி விட்டால் அதன் கவனம் கலைந்து, இருந்த இடத்திலேயே படுத்துவிடும். ஆகவே ஒலி நிற்காமல் ஓட வேண்டும். முயலின் கதறலைவிட, சிறு பறவை துடிக்கும் ஒலியும் எலியின் கீச்சொலியும் பல நேரங்களில் நன்றாகப் பலன் தந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒலிக்கருவியை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. இருபது முப்பது மீட்டர் தள்ளி வைத்து, அதன் அருகில் ஒரு குச்சியில் இறகு ஒன்றைக் கட்டிக் காற்றில் ஆடவிட வேண்டும். பூனையின் பார்வை அந்த இறகின் மேல் போனால்தான் உங்கள் கையசைவு அதன் கண்ணுக்குத் தப்பும்.

இடத் தேர்வும் முக்கியம். பாப்கேட் வெட்டவெளியைக் கடக்க விரும்பாது. நம் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் புதர் அடர்ந்த ஓடைக்கரையே அது நடக்கும் வழி. ஒவ்வொன்றும் பரந்த எல்லையை ஆள்வதால், நீங்கள் உட்கார்ந்த இடத்தில் ஒலி கேட்கும் தொலைவுக்குள் ஒரு பூனைகூட இல்லாமலும் இருக்கலாம். அதற்குக் கைத்திறன் எதுவும் உதவாது.

சுடுபவர் நெஞ்சில் நிறுத்த வேண்டியது இன்னொன்று உண்டு. டெக்சாஸின் தென்கோடியில் ஓசிலாட் என்ற அழியும் நிலையிலுள்ள பூனையும் வாழ்கிறது. புதருக்குள் புள்ளித்தோல் தெரிந்தவுடன் சுடுவது பெரும் குற்றத்தில் முடியலாம். வால் நீளத்தைப் பார்த்து உறுதி செய்யும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. கலிபோர்னியாவில் 2019-இல் வந்த சட்டம் பாப்கேட் வேட்டையையே தடை செய்தது. எனவே ஒரு மாநிலத்து வழக்கத்தை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பண்ருட்டி முந்திரித்தோப்பு எழுதியது:

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் முந்திரித் தோப்பில், கோழிக்குஞ்சு கத்தும் ஒலியைக் கைப்பேசியில் ஓடவிட்டு நானும் காத்திருந்தேன். முதலில் கீரி வந்தது. பிறகு கரிச்சான்களும் காகங்களும் கூடி இரைச்சலிட்டன. கடைசியில் பக்கத்துக் கொல்லை நாய்கள் வந்து சேர்ந்தன. வெறுத்துப்போய் எழுந்து திரும்பியபோது, என் முதுகுக்குப் பின்னால் எட்டடி தூரத்தில், இரவு மழையில் நனைந்த செம்மண்ணில், நகக்குறி இல்லாத வட்டமான நான்கு தடங்களும் பின்னங்கால் அழுந்தி அது உட்கார்ந்த பள்ளமும் இருந்தன. காட்டுப்பூனை வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்குமுன் வாரம் இருமுறையாவது அந்த வழியில் போன பூனையை, பிறகு இரண்டு மாதம் நான் பார்க்கவில்லை. அன்றோடு ஒலி எழுப்புவதை நிறுத்திவிட்டேன்.

குட்டி போட்ட தாயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொய்யான ஒலியை நம்பி அது வெளியே வரும் நேரத்தில் குட்டிகள் தனித்துக் கிடக்கும். தோப்பில் நாய்க்குப் பஞ்சமில்லை. இந்தப் பூனை நம் நிலத்துக்குச் செய்யும் வேலை சிறிதன்று. நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலிகள் வரை அது தின்னும் என்று ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. கரும்பும் நெல்லும் போடும் நமக்கு அதைவிட என்ன வேண்டும்?

வில்லியனூர் வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றுதான். அதில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருளன்று. பொறி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கான முயற்சி ஆகியவையும் அதில் அடங்கும். கையில் கேமராதான் இருந்தது என்ற ஒரே விளக்கத்தை நம்பி இதில் இறங்காதீர்கள் என்பதே என் கருத்து.

அரியாங்குப்பத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒலிக்கருவியை விட்டுவிடுகிறேன். வெறுமனே காத்திருந்து படம் எடுக்க, எங்கே, எப்போது உட்கார வேண்டும்?

பண்ருட்டி முந்திரித்தோப்பு எழுதியது:

தை, மாசியில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டு நடக்கும்போது வாருங்கள். பாதி வெட்டிய கொல்லையில், நிற்கும் கரும்புக்கும் வெட்டிய தாளுக்கும் நடுவிலுள்ள வரப்பே காட்டுப்பூனை எலி தேடும் இடம். சூரியன் எழ அரை மணி இருக்கும்போதே, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, பனைமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுங்கள். முகத்தையும் கையையும் பழுப்புத் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். வெட்டும் ஆட்கள் குட்டிகளைக் கண்டால் தூக்காமல், அந்த இடத்தில் கொஞ்சம் கரும்பை நிற்கவிடச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு அப்படி விட்ட இரண்டு குட்டிகளை, தாய் அன்றிரவே வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டது.