தேக்குப் பலகையில் கோயில் பெயர்: சிஎன்சி ரௌட்டருக்கு ஃபைல் தயாரிப்பது எப்படி?

பலகைக்காரன், மோல்மீன்:
எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடமாகத் தூரிகையால் பெயர்ப்பலகை எழுதுகிறவன் நான். கம்ப்யூட்டர் பழகியதே போன வருடம்தான், மகளிடம். எங்கள் தெருக் கோயிலுக்கு நாலடி நீளத் தேக்குப் பலகையில் 'அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில்' என்று செதுக்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். ரங்கூனில் சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் மெஷின்) வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு, எழுத்தின் கோடுகளை வரைந்த டிஎக்ஸ்எஃப் ஃபைல் அனுப்பினேன். பிளைவுட்டில் மாதிரி வெட்டிப் படம் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் எழுத்து வரிசை மொத்தமும் என் கட்டைவிரல் நீளத்துக்குத்தான் திறந்ததாம், அதை அவர்களே பெரிதாக்கிவிட்டார்கள். 'கோ'வில் இரட்டைக்கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனியே நிற்கின்றன. 'ம்', 'ன்', 'ல்' ஒன்றிலும் புள்ளி இல்லை. 'மாரியமமன' என்று கோயில் வாசலில் மாட்டினால் ஊர் என்ன சொல்லும்? பலகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு மூன்று வாரம்.

மரத்தூள், ரங்கூன்:
அண்ணே, அளவுக் குழப்பம் இங்கே எல்லோருக்கும் வருவதுதான். நாம் அடி, அங்குலத்தில் யோசிக்கிறோம், மெஷின் மில்லிமீட்டரில் ஓடுகிறது. நீங்கள் 48 அங்குலம் என்று வரைந்ததை அது 48 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. ஆரம்பத்திலேயே 1219 மில்லிமீட்டர் என்று வைத்து வரையுங்கள். ஓரத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றும் போட்டு அனுப்பினால், பட்டறைக்காரர் அதை அளந்து பார்த்துவிட்டு அழித்துவிடுவார்.

கொம்பு தள்ளிப் போவது பழைய டிசைன் சாஃப்ட்வேரின் வேலை. யூனிகோட் தமிழைக் கோக்க அதற்குத் தெரியாது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் தட்டிப் பாருங்கள், காசு கிடையாது. திரையில் சரியாகத் தெரிந்ததும் எழுத்தைக் கோடாக மாற்றிவிடுங்கள். அப்புறம் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தாலும் உருவம் மாறாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை ஒன்றாகச் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் பிட் (மெஷினில் சுழன்று வெட்டும் அலகு) எழுத்துக்குள்ளேயும் கோடு போடும்.

புள்ளிதான் முக்கியமான விஷயம். அவர்கள் எந்த பிட் போட்டார்கள் என்று கேட்டீர்களா? 6 மில்லிமீட்டர் பிட் 5 மில்லிமீட்டர் புள்ளிக்குள் எப்படி நுழையும்? நுழையாத இடத்தை சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் விட்டுவிடும், எச்சரிக்கைகூட வராது. பிட் அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, ஒவ்வொரு எழுத்தின் உள்ளேயும் இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடமெல்லாம் வெட்டில் காணாமல் போகும். உள்மூலைகளும் பிட்டின் வளைவுக்குத்தான் வரும், கூராக வராது.

உங்கள் வேலைக்கு, முனை 'V' வடிவில் கூராக இருக்கும் வி பிட்தான் சரி. அகலமான இடத்தில் ஆழமாக இறங்கும், மூலையில் மேலே ஏறிக் கூராக முடிக்கும். கோட்டின் அகலம் 10 மில்லிமீட்டர் என்றால் முனைக் கோணம் 90 டிகிரி உள்ள பிட் 5 மில்லிமீட்டர் இறங்கும். 60 டிகிரி பிட் கிட்டத்தட்ட 8.7 இறங்கும். பலகை கனத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசாரி:
தம்பி சொன்னது சரி. தேக்கில் சிலிகா உண்டு, பிட்டின் முனையைத் தின்றுவிடும். புது கார்பைடு பிட் கேளுங்கள். ஜீரோ புள்ளியை, அதாவது மெஷின் அளவைத் தொடங்கும் இடத்தை, பலகையின் மூலையிலேயே வைக்கச் சொல்லுங்கள். பாதி வெட்டில் கரண்டு போனால் (போகும்!) அதே இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம்.

பலகைக்காரன், மோல்மீன்:
ரொம்ப நன்றி. வட்டத்தை இழுத்துப் பார்த்தேன், புள்ளியோடு ரகரத்தின் வாலிலும் 'யி'யின் வளைவிலும் சிக்கியது. இன்னொன்று: ஃபான்ட் வேண்டாம், என் கையெழுத்தே இருக்கட்டும் என்று ஸ்கேன் செய்து தானாகக் கோடு எடுக்க வைத்தேன். 'அ' ஒன்றுக்கே நூற்றுக்கணக்கில் நோட் (கோட்டின் வளைவைப் பிடித்து நிறுத்தும் இடம்). இதை அப்படியே அனுப்பலாமா?

மரத்தூள், ரங்கூன்:
வேண்டாம் அண்ணே, மெஷின் நடுங்கி நடுங்கி வெட்டும். அந்தப் படத்தை அடியில் வைத்து, வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் நோட் வைத்து மேலே வரையுங்கள். 'அ'வுக்கு இருபது தாராளம். தூரிகை பிடித்த கை, ஒரே ராத்திரியில் முடித்துவிடுவீர்கள்.