டைசல்ஃபைடு பாலம் போட்டும் லிப்பேஸ் 60 டிகிரி தாங்கல – உதவி தேவை

முதுநகர்_மாணவி:
வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்துல மீன் கழிவு கொட்டற மண்ணுலேர்ந்து பிரிச்ச பேசில்லஸ் லிப்பேஸ்ல (கொழுப்பை உடைக்கற என்சைம்) வேலை பார்க்கறேன். சூடு தாங்கணும்னு, பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு லூப்ல ஒவ்வொரு சிஸ்டீன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) போட்டேன், ரெண்டும் சேர்ந்து டைசல்ஃபைடு பாலமா பூட்டிக்கும்னு. வைல்ட் டைப்ல (மாத்தாத அசல் என்சைம்) சிஸ்டீனே கிடையாது. பிஎல்21 ஈ.கோலை ஸ்ட்ரெயின்ல நல்லா எக்ஸ்பிரஸ் ஆகுது. ஆனா 60 டிகிரியில அரை மணி வச்சு ஆறவிட்டா, வைல்ட் டைப்பை விட மியூட்டன்ட் சீக்கிரம் செத்துடுது. இடத்தை மாத்தணுமா? புது ப்ரைமர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க.

காலாப்பட்டு_அண்ணன்:
ப்ரைமரை நிறுத்தி வைம்மா. பாலம் உருவாச்சான்னே தெரியலையே! ஈ.கோலை சைட்டோபிளாசத்துல தயோரெடாக்சினும் குளூட்டாதயோனும் டைசல்ஃபைடை நிக்க விடாது. பாலம் இல்லாத சிஸ்டீன் ரெண்டும் சூட்டுல வேற மூலக்கூறோட ஒட்டிக்கும், புரதம் திரண்டுடும். பஃபர்ல பாலத்தை உடைக்கற பீட்டா மெர்காப்டோஎத்தனால் இருக்கா பாரு. இருந்தா டயாலிசிஸ் பண்ணி எடுத்துட்டு, 6 மோலார் குவானிடின்ல புரதத்தை விரிச்சு டிடிஎன்பி (சும்மா இருக்கற சிஸ்டீனோட சேர்ந்து மஞ்சளாகற ரசாயனம்) போடு. மஞ்சள் வந்து 412 நானோமீட்டர்ல ஏறினா சிஸ்டீன் சும்மாதான் கிடக்கு. டிடிடி (இதுவும் பாலத்தை உடைக்கும்) போட்டும் போடாமலும் ஜெல்லும் ஓட்டு, ஆனா டிடிடி போட்ட லேனுக்குப் பக்கத்து லேனைக் காலியா விடு, கசிஞ்சு வந்து ஏமாத்தும்.

வில்லியனூர்_அக்கா:
எந்த பஃபர்ல சூடு பண்றீங்க? டிரிஸ்னா டிகிரிக்கு சுமார் 0.028 பிஎச் இறங்கும். 25 டிகிரியில 8.0 வச்சது 60-ல கிட்டத்தட்ட 7.0. ஆறினதும் பழையபடி 8.0 காட்டும், அதனால கண்ணுல படாது. பாஸ்பேட்டுக்கு மாறுங்க, கால்சியம் சேர்க்கறதா இருந்தா ஹெப்பஸ்.

முதுநகர்_மாணவி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லைசிஸ் பஃபர்ல மெர்காப்டோஎத்தனால் இருந்தது, லேப்ல வழக்கமா எல்லாரும் போடறது. டயாலிசிஸுக்கு அப்புறம் டிடிஎன்பி பளிச்னு மஞ்சள். ஜெல்ல டிடிடி போட்டாலும் போடாட்டாலும் பேண்ட் ஒரே இடத்துல நிக்குது. பாஸ்பேட்ல வைல்ட் டைப்பே முன்னைவிட நல்லா தாங்குது! இப்ப இந்த இடத்தைக் கைவிடலாமா?

காலாப்பட்டு_அண்ணன்:
கூடாது. இந்த இடத்தை நீ இன்னும் சோதிச்சே பார்க்கலையே. சைட்டோபிளாசத்துலயே பாலம் உருவாக விடற ஷஃபிள் ஈ.கோலை ஸ்ட்ரெயின்ல போடு, இல்ல பெல்பி சிக்னல் வச்சு, பாலம் உருவாகக்கூடிய பெரிபிளாசத்துக்கு (ரெண்டு சவ்வுக்கும் நடுவுல இருக்கற இடம்) அனுப்பு. இண்டக்ஷன் 18 டிகிரியில, ராத்திரி முழுக்க. எல்சிசிங்கற கியூட்டினேஸ் என்சைம்ல கால்சியம் உட்கார்ற இடத்துலயே டைசல்ஃபைடு வச்சு உருகுநிலையை (புரதம் விரியற சூடு) பத்து டிகிரி கிட்ட ஏத்தினாங்க, 2020-ல வந்தது. இடம் பொருந்தினா அவ்வளவு பலன் உண்டு. மாடல்ல ரெண்டு பீட்டா கார்பனுக்கும் நடுவுல 4.5 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல இருந்தா மட்டும் யோசி.

வில்லியனூர்_அக்கா:
அதோட சிஸ்டீனை மட்டும் நம்பாதீங்க. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்துல பேசில்லஸ் சப்டிலிஸ் லிப்பேஸையே படிப்படியா 12 இடத்துல மாத்தி, உருகுநிலையை 56-லேர்ந்து 78 டிகிரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. உங்க சீக்வென்ஸை அதோட அலைன் பண்ணிப் பாருங்க. அந்த இடங்கள்ல எதெல்லாம் உங்க என்சைம்ல இருக்கோ, அங்கேர்ந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆக்டிவிட்டியையும் கூடவே அளங்க. சூடு தாங்கி எண்ணெயை உடைக்காத லிப்பேஸ் துறைமுகக் கழிவுக்கு உதவாது.