ஸ்கேலிங் செய்த பிறகு பல்லிடுக்கில் சந்து, ஒரு பல் ஆடவும் செய்கிறது. சுத்தம் செய்தது தப்பா?

நெல்லைவாசி:
வயது 47, ஆறு வருடமாகச் சுகர். ஒரு வருடமாகவே பல் தேய்த்தால் கீழ் முன்பற்கள் பக்கம் ரத்தம் வரும், வலி இல்லையே என்று அந்த இடத்தில் மட்டும் பிரஷ் படாமல் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஸ்கேலிங் செய்தேன். இப்போது கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்குப் பல் சந்து, நாக்கால் தள்ளினால் ஒரு பல் லேசாக அசைகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. "நல்லா இருந்த பல்லக் கெடுத்துட்டு வந்திருக்கியே" என்கிறார் அம்மா. அடுத்து ஈறுக்கு உள்ளேயும் சுத்தம் செய்ய வேண்டுமாம். போகலாமா?

மாடிவீடு:
போங்க சார். சந்து முன்பே இருந்ததுதான், காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு, சிமெண்ட் பூசியது போல அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வீங்கிய ஈறு வேறு அதை மறைத்திருக்கும், வீக்கம் வடிந்ததும் தெரிகிறது. தாங்கும் எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். எனக்குக் கூச்சம் மூன்று வாரத்தில் அடங்கியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பி விட்டு அளந்தார்களா? 3 மி.மீ. வரை பரவாயில்லை, எனக்கு ஒரு இடத்தில் 6. அவ்வளவு ஆழத்துக்கு எந்த பிரஷ்ஷும் போகாது.

கரிசல்மண்:
இதுக்கெல்லாம் ஏன் செலவு? உப்பும் கரியும் வைத்துத் தேயுங்கள், எங்கள் தாத்தாவுக்கு 80 வயதிலும் எல்லாப் பல்லும் இருந்தது.

சிவப்புக்குடை:
பல் மருத்துவம் படித்தவள் என்பதால் சொல்கிறேன், கரி வேண்டவே வேண்டாம், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் சீக்கிரம் தேய்ந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் இதமாக இருக்கும், ஆனால் காரையைக் கரைக்காது. ரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையான பிரஷ்ஷால் கவனமாகத் தேய்க்க வேண்டும், நீங்கள் விட்டுவைத்ததால்தான் அங்கே அழுக்கு சேர்ந்தது. வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் மருந்து கொடுத்திருந்தால் சொன்ன நாளோடு நிறுத்துங்கள், தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். சுகர் ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் அடங்காது. போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்த வைத்தியம். அப்புறம், பிபிக்கு அம்லோடிபின் போடுகிறீர்களா? சிலருக்கு அதுவே ஈறைத் தடிக்க வைக்கும்.

நெல்லைவாசி:
ஆமாம், இரண்டு வருடமாக அதேதான்! நிறுத்திவிடட்டுமா?

சிவப்புக்குடை:
நீங்களாக நிறுத்தவே கூடாது. பிபி பார்க்கும் டாக்டரிடம் ஈறைக் காட்டுங்கள், மாற்ற வேண்டுமென்றால் அவர் மாற்றுவார்.

நெல்லைவாசி:
சரி. பல் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன், இரண்டு இடத்தில் 5, ஆடும் பல்லில் 7 என்று எழுதி வைத்திருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை போகிறேன். சந்துக்குள் விடும் குட்டி பிரஷ் எந்த அளவு வாங்குவது?

மாடிவீடு:
நீங்களாக வாங்காதீர்கள். ஒவ்வொரு சந்துக்கும் அளவு மாறும், எனக்கே இரண்டு அளவு. முக்கித் தள்ளாமல் நுழைந்து லேசாக உரச வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கேயே போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.