லைட் பெயின்டிங்: ஆயிரம் ரூபாய்க்குள் என்ன விளக்கு வாங்கலாம்?

மொட்டைமாடி:
கேனான் 1500டி கேமரா, அதோடு வந்த கிட் லென்ஸ், ட்ரைபாட் இருக்கிறது. இருட்டில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, விளக்கை அசைத்து வெளிச்சத்தால் வரையும் லைட் பெயின்டிங் செய்து பார்க்கிறேன். மாடியில் நண்பனை நிற்க வைத்து, அவனுக்குப் பின்னால் வெளிச்சத்தாலேயே சிக்குக் கோலம் போட ஆசை. வீட்டு டார்ச்சை மங்கலாக வைத்து வீசினால் கோடு விழாமல் புள்ளி புள்ளியாக விழுகிறது. கேமராவில் கோளாறா? புதிதாக என்ன வாங்கலாம்?

கறுப்புச்சட்டை:
கேமரா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. மலிவான எல்இடி டார்ச்சுகள் பலவற்றில் மங்கல் மோடு என்பது விளக்கைப் படுவேகமாக அணைத்து அணைத்து எரிய விடுவதுதான். நம் கண் ஏமாறும், வீசும்போது கேமரா ஏமாறாது. முழு வெளிச்சத்தில் வைத்து, கூசினால் முகப்பில் வெள்ளைக் காகிதம் ஒட்டிக் குறையுங்கள். கடையிலேயே சோதிக்கலாம்: மங்கலாக வைத்துக் கண் முன்னால் வேகமாக ஆட்டுங்கள். புள்ளிகள் தெரிந்தால் வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கோலத்துக்கு என் ஓட்டு சாவிக்கொத்து எல்இடிக்கு. பொத்தான் பேட்டரி போட்டது, அழுத்திப் பிடித்தால் மட்டும் எரியும் ரகம். உள்ளே பெரிய சர்க்யூட் எதுவும் இல்லாததால் கோடு சீராக வரும், விரலை எடுத்த இடத்தில் சுத்தமாக நிற்கும். மோடு மாறும் டார்ச்சில் இது நடக்காது. அடுத்த அழுத்தலில் மினுக்கத் தொடங்கி மானத்தை வாங்கும். நிறத்துக்கு ஸ்டேஷனரி கடை ஜெலட்டின் பேப்பர் போதும். நீலம் வெளிச்சத்தை நிறைய விழுங்கும், மஞ்சள் அவ்வளவு இல்லை.

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் 30 விநாடி திறந்திருக்கும்படி வைத்து ஆரம்பியுங்கள். கோடு வெளுத்தால் திறப்பை எஃப்/11க்குச் சுருக்குங்கள். விநாடியைக் குறைத்துப் பயனில்லை: அது பின்னணியைத்தான் இருட்டாக்கும். கோட்டின் வெளிச்சம் அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, கை வீசும் வேகம் இவற்றில்தான் இருக்கிறது.

சீரியல்செட்:
கரண்டில் ஓடும் சீரியல் செட்டும் அதே மாதிரி மினுக்கும், வாங்காதீர்கள். பேட்டரியில் ஓடும் மெல்லிய கம்பி விளக்கு நல்லது, ஆட்டினால் திரைச்சீலை போல விழும். யூடியூபைப் பார்த்து ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு நார்) கொளுத்தித் தீப்பொறி பறக்கச் சுற்ற மட்டும் இறங்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஓலைக் கொட்டகை இருந்தால் கதை கந்தல்.

மொட்டைமாடி:
நன்றி அண்ணா. சாவிக்கொத்து வாங்கிவிட்டேன், கோடு வழுவழுவென்று வருகிறது. ஆனால் நண்பன் வெறும் நிழலாக நிற்கிறான், பின்னால் என் முகம் தெரிகிறது. அப்புறம், அவன் பெயரை எழுதினால் தலைகீழாக வருகிறது.

கறுப்புச்சட்டை:
முழுக்கைக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விளக்கை உங்கள் பக்கம் திருப்பாமல் கேமராவைப் பார்த்தே பிடியுங்கள். கோலம் முடிந்ததும், ஷட்டர் மூடுமுன், பக்கவாட்டிலிருந்து அவன் முகத்தில் மொபைல் டார்ச்சை ஒரு விநாடி காட்டினால் போதும். அதுவரை அவன் அசையக் கூடாது. எழுத்து தலைகீழாக இல்லை, இடவலம் மாறியிருக்கிறது. கேமராவைப் பார்த்து எழுதினால் அப்படித்தான் வரும், எடிட்டிங்கில் திருப்பிக்கொள்ளுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க பொத்தானை ஒரு தட்டு தட்டினால் சரி.